சிமெண்ட் பூசிவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்

புதுப்பித்த பழைய மணிக்கூண்டின் படங்களை நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்கிறீர்கள். "பளபளன்னு இருக்கே, இதுலயும் குறையா?" என்று எனக்கு இன்பாக்ஸில் கேள்வி வேறு. ஆமாம், குறைதான். சுண்ணாம்புக் காரையை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி, அதன்மேல் நீர் புகாத பெயிண்டும் அடித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே "பாரம்பரியப் பாதுகாப்புப் பணி" என்று ஒரு பலகை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பழைய செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சும், காயும்போது வெளியே விடும். சுண்ணாம்புக் காரை அதற்கு வழிவிடும், சிமெண்ட் விடாது. உள்ளே சிக்கிய ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் செங்கலுக்குள்ளேயே படிகமாகி, செங்கலின் முகத்தை உதிர்த்து மாவாக்கும். வெளியே பூச்சு கெட்டியாகவே நிற்பதால் சில வருடங்களுக்கு யாருக்கும் தெரியாது. பிறகு பாளமாக விழும்போது செங்கலையும் பிய்த்துக்கொண்டு வரும். உடனே "கட்டடம் பழசாயிடுச்சு, ஆபத்து" என்பார்கள். பழசானதால் வந்த கேடு இல்லை அது, பூசியதால் வந்தது.

இப்போது அவசரப்பட்டு அந்த சிமெண்டை உடைத்து எடுக்கவும் கூடாது. கண்ணில் படாத மூலையில் ஒரு சதுர மீட்டர் மட்டும் எடுத்துப் பாருங்கள். செங்கல் சேர்ந்து வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

கொத்தனார் மேல் எனக்குக் கோபமே இல்லை. எஸ்டிமேட்டில் எழுதியதைத்தான் அவர் செய்தார். அதை எழுதியது உள்ளாட்சி அலுவலகம். புதுக் கட்டடத்துக்கான விலைப்பட்டியலை எடுத்துப் பழைய கட்டடத்துக்கு டெண்டர் விட்டால் சிமெண்ட்தான் வரும். எழுத வேண்டியது இதுதான்: நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரங்களாவது தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்தது ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. செங்கல்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளை, அவற்றின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குக் கையால் சுரண்ட வேண்டும், மெஷின் கூடாது. மெல்லிய பூச்சாக அடுக்கடுக்காக, ஒவ்வொன்றும் இறுகிய பிறகே அடுத்தது. வேலைக்கு முன் ஒரு மாதிரிப் பூச்சு, அதை ஏற்றுக் கையெழுத்திட இந்த வேலை தெரிந்த ஒருவர். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

"காசு எங்கே இருக்கு?" என்பீர்கள். சிமெண்டுக்கும் சாரத்துக்கும் பெயிண்டுக்கும் இருந்ததே. மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை மாடியின் மழைநீர்க் குழாய் அடைப்பை எடுப்பதும், சுவரில் முளைத்த அரசஞ்செடியைக் கன்றாக இருக்கும்போதே அகற்றுவதும்தான் இருப்பதிலேயே மலிவான பாதுகாப்பு. அதற்குத் திறப்பு விழா வைக்க முடியாது, அதனால்தான் நடப்பதில்லை.

"சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கிடையாது" என்பது ஓரளவு உண்மை. ஆனால் டெண்டரில் கேட்காத வேலையை யார் கற்றுக்கொள்வார்கள்?

"தனியார் சொத்தில் உள்ளாட்சிக்கு என்ன வேலை?" என்றும் ஒருவர் சண்டைக்கு வந்தார். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931-லேயே பழைய வட்டாரத்துக்கெனத் தனிக் கட்டுமான விதி போட்டது. நியூயார்க்கில் பென் ஸ்டேஷன் என்ற பழைய ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கிய பிறகுதான் விழித்துக்கொண்டு, 1965-இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டம் கொண்டுவந்தார்கள். அதே நகரின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் உரிமையாளர்கள் அந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-இல் தோற்றார்கள். அங்கே உரிமையாளர் வெறுங்கையோடு விடப்படவில்லை. அந்த மனையில் விதிப்படி இன்னும் கட்டியிருக்கக்கூடிய பரப்புக்கான உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது. உரிமையாளருக்கு நஷ்டம் என்பது நியாயமான கவலை, அதற்கு விடையும் இருக்கிறது. "வளர்ச்சிக்குத் தடை" என்பதற்கு நான் பதிலே சொல்லப்போவதில்லை, அலுத்துவிட்டது.

உண்மையில் பயமே இடிப்பு அனுமதியை நினைத்துத்தான். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் பட்டியல் ஒரு அலமாரியில், அனுமதி தருகிற மேசை வேறு அறையில். மனை எண்ணைப் பதியும்போதே பட்டியலில் இருக்கிறதா என்று கணினி நிறுத்திக் கேட்க வேண்டும். இருந்தால், படமும் அளவு வரைபடமும் எடுத்து, பழைய கட்டடங்களுக்கான குழு நேரில் பார்க்கும்வரை அனுமதி நிற்க வேண்டும். விடுமுறை நாளாகப் பார்த்து இடித்துவிட்டு அபராதம் கட்டுகிறவருக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்குதான். இடித்த இடத்தில் முன்பிருந்த பரப்புக்கு மேல் ஒரு அடிகூடக் கட்ட முடியாது என்று விதி போடுங்கள். கூரை ஓட்டையை அடைக்காமல் மழையை வைத்தே சுவரைச் சாய்க்கிறவருக்கும் அதே விதி. நோட்டீஸ் கொடுத்தும் அடைக்காவிட்டால் உள்ளாட்சியே அடைத்து, செலவைச் சொத்துவரியோடு சேர்த்து வசூலிக்கட்டும்.

இதைச் சொன்னால் "பழசைக் கட்டிக்கிட்டு அழுறவங்க" என்கிறீர்கள். வலிக்கிறது. அடுத்த டெண்டர் வரும்போதும் இதையேதான் எழுதுவேன்.