கௌபாய் ஊரும் துப்பாக்கி டோக்கனும்

மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, கன்சாஸ் மாநிலம் விச்சிட்டா நகரில் 'ஓல்ட் கௌடவுன்' என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போனோம். அந்தக் காலத்துக் கட்டடங்கள் பலவற்றை வேறு இடங்களிலிருந்து பெயர்த்து வந்து ஆற்றங்கரையில் நிறுத்தி, 1870-களின் புல்வெளி ஊர் ஒன்றை உண்டாக்கியிருக்கிறார்கள். கொல்லுப் பட்டறை, மளிகைக் கடை, அப்புறம் சலூன். (முடிவெட்டும் சலூன் இல்லை, சாராயக் கடை.)

தெருவில் நின்றால் கடைகள் எல்லாம் மாடிக் கட்டடம் போலத் தெரியும். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முகப்பில் மட்டும் பலகையை உயர்த்தி அடித்திருக்கிறார்கள், பின்னால் இருப்பது சின்னக் கூரைதான். நேற்று முளைத்த ஊருக்குப் பெரிய ஊர் என்ற ஜம்பம்!

கூட்டம் அலைமோதியது துப்பாக்கிச் சண்டை நாடகத்துக்குத்தான். எனக்கு மனம் ஒட்டவில்லை. உண்மையான விச்சிட்டாவில் துப்பாக்கியோடு தெருவில் திரிய அனுமதியே கிடையாது. ஊருக்குள் வருகிறவன் அதைப் போலீஸிடம் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். கோயில் வாசலில் செருப்பு விடுவது போல!

கௌபாய் காலம் என்பதும் சில வருடக் கூத்துதான். 1872-இல் ரயில் வந்தது. டெக்சாஸிலிருந்து நடத்திக்கொண்டு வந்த மாடுகளை இங்கே ரயிலேற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். அந்த மாடுகளின் உண்ணி உள்ளூர் மாடுகளுக்கு நோயைக் கொடுத்தது. விவசாயிகள் சும்மா இருப்பார்களா? டெக்சாஸ் மாடு வரக்கூடாத எல்லையை மேற்கே தள்ளி வைத்தார்கள். 1876-க்குப் பிறகு வியாபாரம் மேற்கே உள்ள டாட்ஜ் சிட்டி என்ற ஊருக்குப் போய்விட்டது. விச்சிட்டாவுக்குக் கோதுமை சோறு போட்டது. கோதுமைக்காக யார் நாடகம் போடுவார்கள்?

எனக்குப் பிடித்தது மங்கர் வீடு. 1868-இல் கட்டத் தொடங்கிய மரவீடு. குடியிருப்பு, தங்கும் விடுதி, தபால் நிலையம் எல்லாம் அது ஒன்றேதான். நாங்கள் போனபோது உள்ளே ஒருவரும் இல்லை. கோடாரியால் செதுக்கிய மரத்தைத் தடவிப் பார்த்துவிடலாமா என்று கை பரபரத்தது.

அந்த வீட்டைக் கட்டத் தொடங்கியதற்கு முந்தைய வருடம்தான் விச்சிட்டா பழங்குடிகளை இந்த ஆற்றங்கரையிலிருந்து தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பியிருந்தார்கள். தேன்கூடு போன்ற புல்வீடுகளில் வாழ்ந்தவர்கள். ஊர்ப்பெயர் அவர்களுடையது.

வெளியே வரும்போது பேரன் கேட்டது பொம்மைத் துப்பாக்கி. இவ்வளவு பேசுகிற நான்தான் வாங்கியும் கொடுத்தேன்.