செத்த ஜந்து திரும்பி வரக் கூடாது

உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு அனுப்பும் விளையாட்டுகளில் மரணம் நிஜமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. தோற்றதும் எல்லாம் அழிந்து ஆட்டம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறதே, அந்த மரணத்தை நான் சொல்லவில்லை. ஒரு ஜந்து சாகிறது, நீங்கள் பிழைத்திருக்கிறீர்கள், பயணம் தொடர்கிறது, அது மட்டும் இனிமேல் கூட வராது. நான் கேட்பது இந்த மரணத்தைத்தான். இரண்டும் வேறு வேறு. ரோக்லைக் என்றால் ஒவ்வொரு முறையும் புது வரைபடம் தந்து, தோற்றால் முதலிலிருந்து ஆட வைக்கும் வகை. சமீபமாக வரும் ஜந்து பிடிக்கும் ரோக்லைக் விளையாட்டுகள் பலவற்றில் முதல் வகை மரணம் மட்டுமே இருக்கிறது. அது போதும் என்று அவை நினைத்துக்கொள்வது எனக்கு வருத்தம் தருகிறது.

எல்லாருக்கும் தெரிந்த போக்கிமானிலிருந்து வருகிறேன். 1996-இல் ஜப்பானில் கேம் பாயில் வெளியானது. சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்த அனுபவத்திலிருந்துதான் சதோஷி தஜிரிக்கு அந்த யோசனையே வந்தது. முதல் பதிப்பிலேயே 151 ஜந்துகள். சண்டையில் அவை சாவதில்லை, மயங்கி விழும். போக்கிமான் மையம் என்ற மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் காசில்லாமல் குணமாகிவிடும். ஆனால் அதே விளையாட்டில் லாவண்டர் டவுன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு கோபுரம் முழுக்க இறந்துபோன போக்கிமான்களின் கல்லறைகள். தாயை இழந்த க்யூபோன் குட்டியின் கதையும் அங்கேதான். கதையில் ஜந்துகள் சாகும், ஆட்டக்காரர் கையில் இருப்பவை மட்டும் சாகாது.

பிள்ளைகளுக்கான விளையாட்டு, அதனால் அந்த முடிவு சரிதான். அதற்கு ஒரு விலையும் உண்டு. அணியில் ஆறு பேருக்குத்தான் இடம். யாரும் சாக மாட்டார்கள் என்றால் அந்த ஆறு பேரை மாற்ற எந்த அவசியமும் இல்லை. ஆரம்பத்தில் பிடித்த நல்ல ஆறு பேரோடு கடைசி வரை போய்விடலாம். அதற்குப் பிறகு பிடிப்பதெல்லாம் அணியில் இடமில்லாதவற்றைச் சேமிக்கும் பெட்டிக்குள் நேராகப் போகிறது. பிடிக்கும் அந்த ஒரு நொடியில்தான் ஜந்துவுக்கு மதிப்பு, அடுத்த நொடி அது பட்டியலில் ஒரு வரி.

ரோக்லைக் வகையின் வேர் இன்னொரு பக்கம் இருக்கிறது. 1980-இல் யூனிக்ஸ் கணினிகளில் பரவிய ரோக் என்ற விளையாட்டு. மைக்கேல் டாய், க்ளென் விச்மன், கென் ஆர்னால்டு ஆகியோர் எழுதியது. எழுத்துகளாலும் குறிகளாலும் வரைந்த சுரங்கம், ஒவ்வொரு முறையும் புது வரைபடம். சேவ் செய்துவிட்டுப் போகலாம், ஆனால் திரும்பத் திறந்ததும் அந்த சேவ் கோப்பு அழிந்துவிடும். செத்தால் முதலிலிருந்துதான். ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்க வேண்டும் என்ற பழக்கத்தை அது கொண்டுவந்தது. ஆனால் ரோக்கில் நீங்கள் தனியாள். இழப்பதற்கு உங்கள் உயிரைத் தவிர வேறெதுவும் இல்லை.

1987-இல் வந்த நெட்ஹாக் அதை மாற்றியது. ஆட்டம் தொடங்கும்போதே உங்கள் பக்கத்தில் ஒரு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ நிற்கும். அது சண்டை போடும், வளர்ந்து பெரிய நாயாகும், கடையிலிருந்து பொருளைத் தூக்கி வந்து தரும். சபிக்கப்பட்ட பொருள் கிடந்தால் அதன் மேல் கால் வைக்கத் தயங்கும், அதைப் பார்த்தே நீங்கள் உஷாராகலாம். எனக்கு இந்த வகை விளையாட்டிலேயே மிகப் பிடித்த விதி ஒன்று அதில் இருக்கிறது: படிக்கட்டில் இறங்கும்போது உங்களை ஒட்டி நிற்கும் பிராணிதான் கூட வரும். இரண்டு கட்டம் தள்ளி நின்றால் அது மேல் தளத்திலேயே தங்கிவிடும். பின்னால் ஏதோ பயங்கரமானது துரத்திக்கொண்டு வருகிறது, படிக்கட்டு காலடியில் இருக்கிறது, நாய் இரண்டு கட்டம் தள்ளி நிற்கிறது. காத்திருப்பதா, இறங்குவதா? ஒரு வசனம் இல்லை, இசை இல்லை, திரையில் இருப்பதெல்லாம் எழுத்துகள்தான். அப்படியும் அந்த ஒரு முடிவில் இருக்கும் கனம் எத்தனையோ பெரிய பட்ஜெட் விளையாட்டுகளில் இல்லை. பிராணி உங்கள் கண்ணில் படாத இடத்தில் செத்தால், ஒரு கணம் ஏதோ சோகம் வந்து கடந்துபோனது என்ற பொருளில் ஒரே ஒரு வரி வரும். என்ன நடந்தது என்று விளையாட்டு சொல்லாது. நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

1997-இல் கொனாமி ப்ளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த அஷூர் ட்ரீம்ஸையும் சொல்லாமல் போக முடியாது. கோபுரத்துக்குள் முட்டைகளைத் தேடி எடுத்து, பொரிக்க வைத்து, அந்த ஜந்துகளோடு மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு முறை கோபுரத்துக்குள் நுழையும்போதும் நாயகன் முதல் லெவலுக்கு இறங்கிவிடுவான், ஜந்துகளின் லெவல் அப்படியே இருக்கும். அதாவது உங்கள் வளர்ச்சி முழுவதும் அவற்றின் உடம்பில்தான் சேர்ந்திருக்கிறது. ஜந்து பிடிப்பதையும் ரோக்லைக்கையும் சேர்க்கும் வழி இதுதான் என்று அன்றைக்கே காட்டிய விளையாட்டு. இந்த வழியில் பின்னால் நடந்தவர்கள் குறைவு.

சரி, போக்கிமானுக்குள் மரணத்தைக் கொண்டுவந்தது யார்? விளையாடியவர்களேதான். 2010-இல் நிக் ஃப்ராங்கோ என்பவர் போக்கிமான் ரூபி என்ற பதிப்பைத் தானே வகுத்த விதிகளோடு ஆடி, அதைப் படக்கதையாக வரைந்து இணையத்தில் போட்டார். அதுதான் நஸ்லாக். விதிகள் இரண்டுதான். மயங்கி விழுந்த போக்கிமான் செத்ததாகக் கணக்கு, அதை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படும் போக்கிமானை மட்டுமே பிடிக்கலாம், தப்பிவிட்டால் அந்தப் பகுதியில் வேறு கிடையாது. எல்லாவற்றுக்கும் பெயர் வைக்க வேண்டும் என்ற மூன்றாவது விதியையும் பெரும்பாலானோர் சேர்த்துக்கொள்கிறார்கள்.

முதல் விதியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது விதிக்குத்தான் பாதிப் பெருமை சேர வேண்டும். அது உங்கள் கையிலிருந்து தேர்வைப் பிடுங்கிக்கொள்கிறது. சாதாரணமாக நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு ஜந்து, வேறு வழியில்லாமல் அணிக்குள் வருகிறது. அதன் பலவீனமான தாக்குதல்களை மனப்பாடமாகத் தெரிந்துகொள்கிறீர்கள். எந்தச் சண்டையில் அதை இறக்கலாம், எதில் கூடவே கூடாது என்று யோசிக்கிறீர்கள். மரணம் ஜந்துவை இழக்கக்கூடியதாக ஆக்குகிறது என்றால், இந்த விதி அதைத் தெரிந்துகொள்ள வைக்கிறது. தெரியாத ஒன்றை இழந்தால் யாருக்கு வலிக்கும்?

போக்கிமானில் முன்னேற ஜிம் தலைவர்கள் என்ற பலமான எதிராளிகளை ஒவ்வொருவராக ஜெயிக்க வேண்டும். 1999-இல் வந்த கோல்டு, சில்வர் பதிப்புகளில் மூன்றாவது ஜிம் தலைவி விட்னி. அவளிடம் மில்டாங்க் என்ற பசு இருக்கிறது. அதன் ரோல்அவுட் தாக்குதல் முதல் முறை 30 பலத்தோடு அடிக்கும், தவறாமல் பட்டுக்கொண்டே போனால் 60, 120, 240, கடைசியில் 480. கூடவே எதிர்ப்பாலினத்தை மயக்கிச் செயலிழக்க வைக்கும் தாக்குதல், பாதி உயிரைத் திரும்பக் கொண்டுவரும் பால். சாதாரண ஆட்டத்தில் இரண்டு முறை தோற்று எரிச்சலாகி, லெவல் ஏற்றிக்கொண்டு வந்து ஜெயிப்போம். நஸ்லாக்கில் அவள் பெயரைக் கேட்டாலே ஆட்கள் உஷாராகிறார்கள். அங்கேதான் ஜியோடூட் வருகிறது. ஆரம்பக் குகைகளில் கிடைக்கும் சாதாரணக் கல்லுருண்டை. பாறையும் நிலமும் சேர்ந்த வகை என்பதால் ரோல்அவுட் அதற்குப் பாதிதான் வலிக்கும். பெண் ஜியோடூட் என்றால் மயக்கும் வித்தையும் பலிக்காது. எதிர்ப்பட்டாலே எரிச்சலாகித் தப்பி ஓடுவோமே, அந்தக் கல்லுருண்டையிடம் இப்போது அணியின் உயிரே இருக்கிறது. மரணம் இல்லாத ஆட்டத்தில் இந்தக் கண்டுபிடிப்புக்கு வேலையே இல்லை.

கணக்கும் மாறிவிடுகிறது. ரூபி காலத்து விதிப்படி சாதாரண அடிகளில் 16-இல் ஒன்று க்ரிட்டிக்கல், அதாவது அதிர்ஷ்டத்தால் கூடுதல் பலத்தோடு விழும் அடி, சேதம் இரட்டை. பிந்தைய பதிப்புகளில் 24-இல் ஒன்று, ஒன்றரை மடங்கு. மரணம் இல்லாத ஆட்டத்தில் இந்த எண்களை யாரும் யோசிப்பதில்லை. இருக்கும் ஆட்டத்தில், "இந்த அடியைத் தாங்குமா" என்பதோடு நிற்காமல் "இந்த அடி க்ரிட்டிக்கலாக விழுந்தாலும் தாங்குமா" என்று கேட்கப் பழகுகிறீர்கள். தாங்காது என்றால் மாற்ற வேண்டும். மாற்றி உள்ளே அனுப்புவதும் ஒரு உயிர்தான், அதுவும் அடி வாங்கும். சில நேரம் யாரையாவது கொடுத்துத்தான் அடுத்தவரைப் பத்திரமாக இறக்க முடியும். அந்த நேரத்தில் அணிப் பட்டியலைத் திறந்து பெயர்களைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, நான் விளையாட்டுகளில் எடுத்த முடிவுகளிலேயே கடினமானது.

இப்போதைய அலைக்கு வருகிறேன். 2024-இல் பிரபலமான போக்கிரோக் ரசிகர்கள் செய்தது, உலாவியிலேயே ஆடலாம், பிரதான ஆட்டத்தில் 200 அலைகள், அதாவது வரிசையாக வரும் சண்டைகள். மிக நன்றாகச் செய்திருக்கிறார்கள், மறுக்கவே மாட்டேன். ஆனால் அங்கே பத்து அலைக்கு ஒருமுறை அணி முழுக்கக் குணமாகிவிடும். இடையில் விழுந்தவரை எழுப்ப மருந்தும் கிடைக்கும். ஒரு முறை பிடித்த இனம் அடுத்த ஓட்டத்தில், அதாவது முதலிலிருந்து ஆடும் அடுத்த முறையில், தொடக்க அணிக்குத் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும், மிட்டாய் சேர்த்து இன்னும் பலமாக்கலாம். தோற்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் மறைகிறார்கள், அடுத்த ஓட்டத்தில் அதே இனம் புதிதாக நிற்கிறது. இனம் சேர்கிறது, தனி ஜந்து என்று ஒன்று உருவாவதே இல்லை. சீட்டுக்கட்டு ரோக்லைக்குகளில் இது பொருந்தும். சீட்டை இழப்பதில் யாருக்கும் துக்கம் இல்லை, இருக்கவும் தேவையில்லை. ஜந்துவைச் சீட்டாக்கினால், எதற்காக அதற்கு முகமும் குரலும் கொடுத்தோம்?

எதிர்வாதம் தெரியும். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் விளையாடுகிறவருக்கு ஒரு க்ரிட்டிக்கல் அடியில் வாரக்கணக்கு உழைப்பு போனால் என்ன ஆறுதல்? நியாயமான கேள்வி. 1990 முதல் வரும் ஃபயர் எம்ப்ளம் என்ற போர் உத்தி விளையாட்டுத் தொடரில் வீரர்கள் செத்தால் திரும்புவதில்லை. நடந்தது என்னவென்றால், ஒருவர் செத்ததும் பலர் ஆட்டத்தை ரீசெட் செய்தார்கள். 2010-இல் வந்த பாகத்திலிருந்து, விழுந்தவர்கள் அடுத்த கட்டத்தில் திரும்பி வரும் கேஷுவல் முறையையும் கொடுத்தார்கள். கொடுத்தது நல்லதே. யார் எப்படி விளையாடினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆட்கள் ரீசெட் செய்ததற்குக் காரணம் மரணம் மட்டும் இல்லை, மரணத்துக்குப் பிறகு ஆட்டம் ஆடத்தக்கதாக இல்லாததும்தான். நன்றாக வளர்த்த ஒருவர் போனால் அந்த இடத்துக்குத் தகுந்த ஆள் இல்லை, அதனால் அடுத்த சண்டையில் இன்னொருவர் போகிறார், அப்புறம் சரிவுதான். இதைச் சரிசெய்ய வேண்டியது வடிவமைப்பாளர்.

வழிகள் ஏற்கனவே இருக்கின்றன. 2016-இல் முழுமையாக வெளிவந்த டார்க்கெஸ்ட் டன்ஜனில் வாரந்தோறும் வண்டியில் புது ஆட்கள் வருவார்கள், காசு கேட்பதில்லை. செத்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் உண்டு, யார் எப்படிச் செத்தார் என்று அங்கே பார்க்கலாம். இழப்பு இழப்பாகவே நிற்கிறது, ஆட்டமும் நிற்காமல் போகிறது. 2018-இன் இன்டு தி ப்ரீச் எதிரி அடுத்து எங்கே அடிக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. அங்கே ஒருவர் செத்தால் பெரும்பாலும் உங்கள் முடிவால்தான் செத்தார், அதிர்ஷ்டத்தைத் திட்ட முடியாது. முழுத் தோல்வியிலும், சண்டை இயந்திரங்களை ஓட்டும் பைலட்களில் உயிரோடிருக்கும் ஒரே ஒருவரை அடுத்த காலக்கோட்டுக்கு அனுப்பலாம். இதை அப்படியே ஜந்து விளையாட்டில் யோசித்துப் பாருங்கள்: அணி அழிகிறது, ஒரே ஒரு ஜந்துவை அதன் பெயரோடும் தழும்புகளோடும் அடுத்த ஓட்டத்துக்கு எடுத்துப் போகலாம். இனத்தைத் திறந்துவைக்கும் மிட்டாய்களை எல்லாம் இந்த ஒரு விதிக்காக நான் விட்டுக்கொடுப்பேன்.

பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்பவர்களுக்கு ஒன்று. 1996-இல் வந்த தமகோச்சி சாவிக்கொத்து அளவு பொம்மைதான், கவனிக்காவிட்டால் அது செத்துப்போகும். ஜப்பானியப் பதிப்பில் திரையில் கல்லறையும் ஆவியும் வரும், மேற்கத்தியப் பதிப்பில் அதைத் தேவதையாக மென்மையாக்கினார்கள். பிள்ளைகள் அதை வாங்கினார்கள், அழுதார்கள், திரும்ப முட்டையிலிருந்து வளர்த்தார்கள்.

புதிதாக முயல நினைப்பவர்கள் நஸ்லாக்கின் அசல் இரண்டு விதிகளோடும் பெயர் வைப்பதோடும் தொடங்குங்கள். அடுத்த ஜிம் தலைவரின் உச்ச லெவலைத் தாண்டக் கூடாது, சண்டைக்குள் மருந்து கூடாது போன்ற ஹார்ட்கோர் விதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிடித்த இனமே மறுபடி எதிர்ப்பட்டால் அதைக் கணக்கில் எடுக்காத விதியை மட்டும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குகைக்குக் குகை வௌவால்தான் கிடைக்கும்.

கையிலிருக்கும் ஆறும் ஒரே சண்டையில் போய், பெட்டியில் சிலர் மிச்சம் இருந்தால் ஆட்டம் முடிந்ததா, தொடரலாமா என்பதில் ஆடுபவர்களுக்குள் ஓயாத தகராறு உண்டு. நான் தொடரலாம் என்ற பக்கம். அதுவரை வெளிச்சத்துக்கே வராத, யாரும் நம்பாத நாலைந்து ஜந்துகள் மீதிப் பயணத்தை எடுத்து நடத்த வேண்டிய கட்டம் அது. அவற்றை ஆட விடாமல் ஓட்டத்தை மூடுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.