அப்பாவுக்குப் புரிஞ்சுதாம்மா?

போன மாதம் மாம்பலம் ஸ்டேஷனில் ஒரு பையனுக்கு ஃபிட்ஸ் வந்தது. இருபது வயதுகூட இருக்காது. ஒருவர் ஓடிவந்து வண்டிச்சாவியை அவன் கைக்குள் திணித்தார். இன்னொருவர் காலை அழுத்திப் பிடித்தார். "அழுத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இழுப்பு நின்றுவிட்டது. "பாத்தீங்களா, இரும்பு பட்டதும் அடங்கிருச்சு" என்றார் சாவி கொடுத்தவர்.

அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்தக் கூட்டத்தில் முதலில் குனிந்தவர் அவர்தான். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் என்னைப் போன்றவர்கள்.

நான் இங்கே ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு நரம்பியல் பாடம் எடுக்கிறேன். இரண்டு வருடமாக ஒரு வேலை கொடுத்து வருகிறேன். மூளை ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு, தமிழில் இரண்டு பக்கம் எழுத வேண்டும். என்னிடம் தருவதற்கு முன் அறிவியல் படிக்காத ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அவர் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்டாரோ, அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வர வேண்டும்.

போன வருடம் வியாசர்பாடிப் பெண் ஒருத்தி வலிப்பு நோயை எடுத்தாள். முதல் வரி இப்படி இருந்தது: "நரம்பணுக்களின் மிகையான ஒத்திசைவு மின்னிறக்கமே வலிப்பு." ஒரு பிழை கிடையாது. அவளுடைய அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அந்த வரியிலேயே நிறுத்திவிட்டார். வாயால் விளக்கிச் சொன்னதும், "நாலு பக்கமும் ஒரே நேரத்துல பச்சை விழுந்த மாதிரியாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

அதை அப்படியே எழுதிக்கொண்டு ஓடி வந்தாள். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க இடித்தது. நாலு பக்கமும் பச்சை விழுந்தால் வண்டிகள் ஆளுக்கொரு பக்கம் போய் முட்டிக்கொள்ளும். வலிப்பில் நடப்பது வேறு. தனித்தனி வேலை பார்க்க வேண்டிய நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து அடிக்கத் தொடங்குகின்றன. ஒரு வாரம் அலைந்து இதை எழுதினாள்:

"விடியற்காலை கோயம்பேடு மார்க்கெட்டில் ஆளுக்கொரு குரல் கேட்கும். வெளியிலிருந்து கேட்டால் இரைச்சல். உள்ளே வேலை நடக்கிறது. அத்தனை பேரும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பக் கத்தினால் ஒரு மூட்டை நகருமா?"

சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ள உறுப்பைப் பற்றி நான் எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒரு நாளும் சொன்னதில்லை. பாடம் புரியாமல் தவித்த நாள் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. எனக்கு மறந்து வெகுகாலம் ஆகிறது. மாணவர்கள்தான் எழுத வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

அவளுடைய அப்பா இன்னொரு கேள்வியும் கேட்டார். "அப்ப சாவி எதுக்குக் குடுக்கறாங்க?" கட்டுரையில் அது இல்லவே இல்லை. அவர் கேட்டதால்தான் கடைசிப் பத்தி வந்தது: சாவி வேண்டாம், நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்பதையும் சேர்த்தாள்.

நாம் எழுதாத இடம் காலியாக இருப்பதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம் என்று 'மிட்பிரெயின்' வகுப்புக்குப் பணம் வாங்குகிறார்கள். மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்ற பொய் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. எலியில் செய்த சோதனை, மறதி நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டதாகச் செய்தியாகிறது. வீட்டில் நினைவு தப்பிய அம்மாவை வைத்திருப்பவர் அதைப் படித்து எப்படி நம்புவார் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் என் வகுப்பில் எலி என்றால் முதல் வரியிலேயே எலி என்று வந்தாக வேண்டும்.

இது நடப்பது எந்த ஊரில்? 1950-லேயே டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவு தொடங்கிய ஊரில். 2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் மூளை மையம், 14 முதல் 24 வாரக் கருக்களின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து 'தரணி' என்ற படத்தொகுப்பாக உலகத்துக்கே இலவசமாகத் திறந்து வைத்தது. கிண்டியில் நடந்த அந்த வேலையைப் பற்றிக் கிண்டியில் பஸ்ஸுக்கு நிற்பவர் படிக்கத் தமிழில் இரண்டு பக்கமாவது வேண்டாமா? இந்த வருடம் மூன்று பேர் அதைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இந்த எழுத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஆங்கிலத்தில் செமினார் எடுத்தால் உண்டு. பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் நண்பர்களே, பத்து மதிப்பெண் ஒதுக்குங்கள். பிள்ளைகள் ராத்திரி உட்கார்ந்து நாலு முறை திருத்தி எழுதுகிறார்கள்.

இன்னொரு உதவியும் வேண்டும். ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வீட்டு ஆள் இல்லை. ஃபோனில் படித்தால் ஊரிலிருக்கும் அம்மா "நல்லா இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறார். உங்கள் வீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டு, புரியாத இடத்தில் "நிறுத்து" என்று சொல்லக்கூடிய பாட்டியோ மாமாவோ இருந்தால் எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமைகளில் நானே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.