அந்த நாலு சிவப்பு வட்டங்கள்

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில், மீட்டிங்கைச் சீக்கிரம் வையுங்கள் என்று கேட்டு ஒரு அம்மா இங்கிலீஷில் போட்ட மெசேஜ். அதில் பிழை என்று காட்ட ஒருத்தர் போட்ட நாலு சிவப்பு வட்டம். மேலே "இவங்க பிள்ளைக்கு யார் இங்கிலீஷ் சொல்லித் தருவாங்க?" என்று ஒரு வரி. அந்த நாலு வட்டமும் தப்பு. அந்த அம்மா எழுதியது தப்பில்லை, வட்டம் போட்டதுதான் தப்பு.

முதல் வட்டம் 'ப்ரீபோன்', அதாவது குறித்த நாளுக்கு முன்னாலேயே வைப்பது. இங்கிலீஷில் இப்படி ஒரு வார்த்தையே கிடையாதாம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது. இதே பொருளில் 1913இல் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு கடிதத்தை அது எடுத்துக்காட்டுகிறது. அங்கே நிலைக்கவில்லை, இங்கே நிலைத்துவிட்டது. அதற்குக் காரணமும் இருக்கிறது. "புதன்கிழமை மீட்டிங்கை ரெண்டு நாள் மூவ் ஃபார்வர்டு பண்ணியாச்சு" என்றால் திங்களா, வெள்ளியா? அமெரிக்கர்களே இதில் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். மனோதத்துவ ஆய்வாளர்கள் இந்த வாக்கியத்தை வைத்தே சோதனை நடத்தியிருக்கிறார்கள். 'ப்ரீபோன்' என்றால் அந்தக் குழப்பமே இல்லை. லண்டனுக்கு எழுதினால் 'ப்ரிங் ஃபார்வர்டு', அமெரிக்காவுக்கு என்றால் 'மூவ் அப்' என்று எழுதுங்கள், அங்கே இது பழக்கமில்லை. அந்த அம்மா எழுதியது நம்மூர்ப் பள்ளிக்கூடத்துக்கு.

இரண்டாவது, 'லெஸ் தேன் டென் டேஸ்'. எண்ணக்கூடியதற்கு 'ஃப்யூவர்'தான் வரணும் என்று குறிப்பு வேறு. இந்த விதியின் மூலம் 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் எழுதியது. அவரும் தனக்கு அப்படித் தோன்றுவதாகத்தான் சொன்னார், விதி என்று சொல்லவில்லை. சரி, விதி என்றே வைத்துக்கொள்வோம். காலம், தூரம், பணம் இவற்றை ஒவ்வொன்றாக எண்ணாமல் மொத்தமாக ஓர் அளவாகப் பார்க்கும்போது 'லெஸ்'தான் இயல்பு என்று கறாரான இலக்கண நூல்களே சொல்கின்றன. பத்து நாளுக்குள், அஞ்சு கிலோமீட்டருக்குள், ஐந்நூறு ரூபாய்க்குள் எல்லாவற்றுக்கும் 'லெஸ் தேன்'தான். திருத்தியவர் அந்த விதியை முழுசாகப் படிக்கவில்லை.

மூன்றாவது, 'எவ்ரி பேரன்ட் ஹேஸ் தேர் வொர்க்'. ஒருமைக்குப் பன்மையான 'தேர்' வருமா என்று கேட்கிறார். 14ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. ஷேக்ஸ்பியரிடம் இருக்கிறது, ஜேன் ஆஸ்டினிடம் இருக்கிறது. 'யூ' என்பதே ஒரு காலத்தில் பன்மைதான். இதைப் புரிந்துகொள்வதில் நமக்கு என்ன கஷ்டம்? பழந்தமிழில் 'அவர்' பன்மை. இன்றைக்கு ஒரே ஒரு தாத்தாவை 'அவர்' என்கிறோம்.

நாலாவது, 'ஹூ டு ஸ்பீக் டு' என்று வாக்கியத்தை முடித்தது. வாக்கியக் கடைசியில் 'டு', 'ஃபார்' போன்ற ப்ரெபொசிஷன் வரக்கூடாது என்பது 1672இல் கவிஞர் டிரைடன் கிளப்பிவிட்டது. 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத், அப்படி முடிப்பது பேச்சுநடைக்குப் பொருந்தும் என்றார். அதைச் சொல்ல வந்த இடத்திலேயே தன் வாக்கியத்தின் ஒரு பகுதியை 'டு' என்று முடித்தார். 1926இல் இங்கிலீஷ் நடைக்கு அகராதி எழுதிய ஃபௌலர் இந்த விதியை மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார்.

இப்போது என்னை உண்மையிலேயே கோபப்படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். அந்த மெசேஜில் பிழை இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில். அதை வட்டம் போட்டவர் பார்க்கவே இல்லை. 'வி ஆர் வெயிட்டிங் சின்ஸ் டூ வீக்ஸ்.'

சரியான வடிவம் 'வி ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் டூ வீக்ஸ்'. இதைச் சொல்லித்தர ரெண்டு நிமிஷம் போதும். தமிழில் நினைத்துப் பாருங்கள். 'திங்கட்கிழமையிலிருந்து' என்று 'இருந்து' வந்தால் 'சின்ஸ்'. 'ரெண்டு வாரமா' என்று 'ஆ' வந்தால் 'ஃபார்'. இதுவரைக்கும் தமிழ் கைகொடுக்கும். வினைச்சொல்லில்தான் காலைவாரும். நாம் 'காத்திருக்கிறோம்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். இங்கிலீஷில், முன்பு தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருப்பதற்கு 'ஹேவ் பீன்' வேண்டும். பிழையின் காரணம் இவ்வளவுதான். இதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கும் படித்த எல்லாருக்கும் உதவியிருக்கும்.

'டிஸ்கஸ் அபவுட்'டும் இப்படித்தான். 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்கு 'அபவுட்' வரும், 'டிஸ்கஸ்' என்ற வினைக்கு வராது. 'ஐ டோன்ட் நோ வாட் இஸ் ஹிஸ் நேம்' என்பதும் பிழை. கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய்விட்டால் 'வாட் ஹிஸ் நேம் இஸ்' என்று வரிசை திரும்பிவிடும். இவைதான் நம்மில் பலர் தடுக்கி விழும் இடங்கள். இவற்றைத் திருத்துங்கள், நானே கூட வருகிறேன்.

"அப்ப எப்படி வேணா எழுதலாமா?" என்று கேட்கப் போகிறீர்கள். மேலே நான் எழுதியதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். "வேலைக்கு அப்ளிகேஷன் போடும்போது இப்படி எழுதினா எடுப்பாங்களா?" நியாயமான கேள்வி. அப்ளிகேஷனில் 'ஹூ டு ஸ்பீக் டு'வில் வரும் 'ஹூ'வுக்குப் பதில் 'ஹூம்' போடுங்கள், 'ஃப்யூவர்' போடுங்கள், பழைய விதியை நம்புகிற அதிகாரி படிக்கக்கூடும். ஆனால் இது அப்ளிகேஷன் இல்லை. பிள்ளைக்குப் பரீட்சை நெருங்குகிறது, மீட்டிங்கைச் சீக்கிரம் வையுங்கள் என்று ஒரு தாய் கேட்டது. அந்தக் கோரிக்கையில் யாருக்கு எது புரியவில்லை?

கேலிக்குப் பயந்தவர்கள் நன்றாக எழுதுவதில்லை, கூடுதலாகத் திருத்திக்கொண்டு கெடுக்கிறார்கள். 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்று சரியாகச் சொல்ல வேண்டியவர்கள் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்கிறார்கள், 'ஐ' மரியாதையாகத் தெரிகிறது என்பதற்காக. மற்றவர்கள் எழுதுவதையே நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் குழுவில் இங்கிலீஷில் மட்டும்தான் எழுதணும் என்று பள்ளிக்கூடமே விதி வைத்திருப்பது படத்தின் மேல்பகுதியிலேயே தெரிகிறது. தமிழில் எழுத விடமாட்டார்கள், இங்கிலீஷில் எழுதினால் சிரிப்பார்கள். அந்த அம்மா வேறு எந்த மொழியில் கேட்பது? 'டியர் சார், கைண்ட்லி' என்று எவ்வளவு மரியாதையாக ஆரம்பித்திருக்கிறார், அதைக்கூட யாரும் பார்க்கவில்லை.

பதிவு போட்டவர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார், இதைப் படிப்பார். பெயரை மறைத்திருக்கிறீர்கள், ஆனால் அந்த அம்மாவின் ப்ரொஃபைல் படமும் போன் நம்பரின் பாதியும் அப்படியே தெரிகின்றன. அந்தக் குழுவில் இருக்கிற யாருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். முதலில் அதை எடுங்கள். 'சின்ஸ்', 'ஃபார்' பற்றி எழுத ஆசை இருந்தால் நீங்களே ஒரு வாக்கியம் அமைத்து எழுதுங்கள், நான் பகிர்கிறேன்.