குளத்துத் தரையையும் அளங்க

தை மாதம் ஆனால் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் பறவைகளை எண்ணுகிறோம். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்து எத்தனை, கரண்டிவாயன் எத்தனை என்று குறித்து வைக்கிறோம். அவை நிற்கிற தரையின் மட்டத்தையும் அதே அக்கறையோடு அளக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தப் பதிவு.

உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவை இரை பொறுக்கச் சில செ.மீ. தண்ணீர் போதும், அதற்கு மேல் போனால் அது நிற்காது. குளத்தின் உள்வாயில் 500 மீட்டருக்கு ஒரு மீட்டர்தான் சரிவு என்று வையுங்கள். தண்ணீர் 10 செ.மீ. இறங்கினால் நீர் விளிம்பு 50 மீட்டர் உள்ளே போய்விடும். 129 ஹெக்டேர் கூந்தன்குளம் சரணாலயப் பரப்பில் 10 செ.மீ. உயரத் தண்ணீர் என்பது ஏறக்குறைய 45 லட்சம் கன அடி. மட்டத்தில் அத்தனை சின்னப் பிழை விட்டாலும் கணக்கில் இவ்வளவு தண்ணீர் தப்பும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற எஸ்.ஆர்.டி.எம். உயரப் படம் 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்தது. ஒரு கட்டம் 30 மீட்டர், உயரத்தில் வரும் பிழை மீட்டர் கணக்கு. மலைக்கு அது போதும், குளத்துக்கு உதவாது. தண்ணீர் கிடந்தால் ரேடார் மேல்மட்டத்தோடு திரும்பிவிடும். சீமைக்கருவேலம் அடைத்த இடத்தில் மரத்தின் உயரத்தையும் தரையோடு சேர்த்துக் காட்டும். மேலிருந்து உயரம் அளக்கிற லேசரும் கலங்கல் தண்ணீரில் அடியைப் பார்க்காது. அதனால் வற்றின குளத்தில் ஆள் இறங்கித்தான் அளக்க வேண்டும். ஜிபிஎஸ் காட்டும் உயரத்தையும் அப்படியே எழுதிவிடக் கூடாது. நம்ம பக்கம் அதற்கும் கடல்மட்டக் கணக்குக்கும் 90 மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. ஒரு குளம் நிரம்பி மறுகாலில் வழிகிற தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகிற ஊர் இது. எல்லாக் குளத்து மடையும் மறுகாலும் ஒரே மட்டக் கணக்கில் வந்தாக வேண்டும்.

போன கோடையில் எங்கள் குளத்தில் கரம்பை, அதாவது வண்டல் மண் அள்ளினார்கள். லாரி நிற்கத் தோதான இடத்திலெல்லாம் ஆளுயரப் பள்ளம். கொள்ளளவு கூடியதாகக் கணக்கு வரும். ஆனால் மடைக்குக் கீழே கிடக்கிற தண்ணீர் வயலுக்கு ஏறுமா? செங்குத்துப் பள்ளத்தில் எந்த உள்ளான் நிற்கும்? பார்த்ததும் வயிறெரிந்தது.

எங்கள் ஊர் நீர்பாய்ச்சித் தாத்தா சொன்னார்: "தண்ணி மடைக்கல்லுல எந்தத் தடத்துக்கு வந்தா எந்தத் திட்டு தல காட்டும்னு எனக்குத் தெரியும்லே. கேக்கத்தான் ஆளில்ல."

வைகாசியில் குளம் வற்றும். இந்த வருசம் கரம்பைக்கு அனுமதி கொடுக்கும் முன்னால், அளவைக் கருவியோடு வருகிறவர்கள் முதலில் அவரைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குள் இறங்குங்கள். கூடவே நடக்க நானும் வருகிறேன்.