பின்சீட்டில் புதைந்து கிடந்த பெல்ட்

காரைக்குடியில் ரெண்டு கார் வைத்து டிராவல்ஸ் நடத்துகிறேன். ஒன்றை நானே ஓட்டுகிறேன். முகூர்த்த நாட்களில் சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் குடும்பங்களை ஊருக்குக் கொண்டுபோய் விடுவது, செட்டிநாட்டு நகரத்தாரின் ஒன்பது கோயிலையும் சுற்றிக் காட்டுவது, கானாடுகாத்தான் பெரிய வீடுகளையும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையையும் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களை அழைத்துப் போவது, இதுதான் பிழைப்பு. அதனால் சீட் பெல்ட் பற்றி இங்கே எழுதுவதைப் புத்தி சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் குற்றவாளி நான்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வெளிநாட்டு அம்மா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் இடுப்புப் பக்கம் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தார். என்னவோ தொலைத்துவிட்டார் போல என்று திரும்பிப் பார்த்தால், பெல்ட்டின் லாக்கைத் தேடுகிறார். மேலே தோள்பக்கம் பெல்ட் தொங்குகிறது, கீழே சொருகும் லாக்கைக் காணோம். எப்படி இருக்கும்? வண்டி வாங்கிய வாரமே ரெக்சின் சீட் கவர் போட்டேன். கவர் போட்ட பையன் மூன்று லாக்கையும் உள்ளே அமுக்கி மேலே இழுத்துத் தைத்துவிட்டான். அதற்கு மேல் வெள்ளைத் துண்டு வேறு. "பின்னாடி போலீஸ் பிடிக்க மாட்டாங்க மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. லாக்கை எடுத்துக் கொடுத்தால்தான் வண்டி நகரும் என்று உட்கார்ந்துவிட்டார். கவரைக் கொஞ்சம் கிழித்து அவர் பக்கத்து லாக்கை மட்டும் வெளியே எடுத்துக் கொடுத்தேன். மனதுக்குள் திட்டிக்கொண்டுதான்.

மற்ற இரண்டும் உள்ளேயே கிடந்தன. போன தை மாதம் வரைக்கும்.

கல்யாணம் முடிந்து தேவகோட்டையிலிருந்து காரைக்குடி ஸ்டேஷனுக்கு ஒரு குடும்பம். முன்னால் மகன். பின்னால் ஆச்சி, மருமகள், மருமகள் மடியில் நாலு வயதுப் பேரன். ஆச்சிக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். பக்கத்திலேயே சீட்டில் ஓர் எவர்சில்வர் தூக்கு, நிறைய மனகோலமும் தேன்குழலும். டிக்கியில் வைக்கலாமே என்றால், நொறுங்கிவிடும் என்று ஆச்சி கேட்கவில்லை. மகனை மட்டும் பெல்ட் போடச் சொன்னேன். ஏன் என்றால் அபராதம் 1000 ரூபாய், விழப் போவது என் வண்டி எண்ணுக்கு.

இருட்டிக்கொண்டு வருகிற நேரம். கண்மாய்க் கரை வளைவு தாண்டி அறுபதில் வந்துகொண்டிருந்தேன். கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, கன்று பிழைத்தது. ஆனால் தூக்கு பறந்து வந்து கியர் பக்கத்தில் இடித்து, மூடி கழன்று, மனகோலம் டேஷ்போர்டு வரை சிதறியது. பேரன் மடியிலிருந்து நழுவிக் கீழே, கால் வைக்கும் இடுக்கில் கிடந்து அலறுகிறான். ஆச்சி வழுக்கிக்கொண்டு முன்னால் போய் மகனுடைய சீட்டின் பின்பக்கத்தில் வாயை இடித்துக்கொண்டார். உதடு கிழிந்து ரத்தம், ஒரு பல் ஆடுகிறது. முன்னால் இருந்த மகன் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஆச்சி என்னிடம் கேட்டார்: "ஒன்னயச் சொல்லிக் குத்தமில்லப்பா. நீ ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டே. அவனுக்கு வார் இருந்துச்சு. நா எதப் புடிச்சுக்கிறது?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் பிடித்துக்கொள்ள வேண்டியது அவருக்கு அடியிலேயே, நான் போட்ட கவருக்குள் இருந்தது.

இத்தனைக்கும் அது வெறும் பிரேக். எதிலும் மோதவில்லை. மோதியிருந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு ராத்திரி பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகனைக் கூட்டி உட்காரவைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஆளுக்கு இருக்கும் வேகம், 14 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுகிறவன் தரையைத் தொடும்போது இருக்கிற வேகம். அதாவது நாலு மாடி. நாலு மாடி மேலேயிருந்து விழும்போது எதிரே இருக்கும் சீட்டைக் கையால் பிடித்துத் தாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது நினைப்போமா? காரில் மட்டும் நினைக்கிறோம்.

இன்னொரு கணக்கும் போட்டான். ரோட்டோரப் புளியமரத்தில் அதே வேகத்தில் மோதி, வண்டியின் முன்பக்கம் ஒரு இரண்டடி நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப் போல் இருபது மடங்குக்கு மேல் கனக்கும். ஐம்பது கிலோ ஆள் ஒரு டன். அந்த ஒரு டன் பின்சீட்டில் கட்டாமல் உட்கார்ந்திருந்தால் எங்கே போய் விழும்? முன்சீட்டில் பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறவன் முதுகில்தான். பின்னால் இருக்கிறவர் பெல்ட் போடாதது அவர் சொந்த விஷயம் என்று இனி யாரும் என்னிடம் சொல்லக்கூடாது. அவருக்கு முன்னால் உட்காருகிறவன் நான்.

2022 செப்டம்பர் 4 அன்று மும்பைக்குப் பக்கத்தில் பால்கர் மாவட்டத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி போன கார் ஆற்றுப் பாலத்தில் மோதியது நினைவிருக்கும். விலை உயர்ந்த வண்டி, ஏர்பேக் எல்லாம் உண்டு. பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் இறந்துபோனார்கள். முன்சீட்டில் இருந்த இரண்டு பேரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். அந்த வாரம் பூராவும் எங்கள் ஸ்டாண்டில் இதே பேச்சு. அடுத்த வாரம் எல்லாருமே மறந்துவிட்டோம், நான் உட்பட.

சரி, ஆச்சி சொன்ன அந்த வார் என்னதான் செய்கிறது? என் அனுபவத்தில் நிறையப் பேர் அது நம்மைச் சீட்டோடு கட்டி வைக்கிறது என்று நினைக்கிறார்கள். கட்டி வைப்பது பாதி வேலைதான். வண்டி மோதும்போது முன்பக்கம் அந்த இரண்டடி நசுங்குவதற்குள் வேகம் படிப்படியாகக் குறைகிறது. பெல்ட் போட்டவன் வண்டியோடு வண்டியாக அந்த இரண்டடியிலும் வேகம் குறைந்து நிற்கிறான். போடாதவனுக்கு அந்த இரண்டடி கிடையாது. வண்டி நின்ற பிறகும் அவன் அறுபதில் போய்க்கொண்டிருக்கிறான். அவனை நிறுத்துவது ஸ்டியரிங்கோ கண்ணாடியோ அடுத்தவர் முதுகோதான், அதுவும் சில அங்குலத்துக்குள்.

இப்போது நாம் போடுகிற, தோளிலும் இடுப்பிலும் மூன்று இடத்தில் பிடிக்கும் பெல்ட்டை வடிவமைத்தவர் நில்ஸ் போலின். வோல்வோ கம்பெனி 1959ல் கார்களில் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் அவர் போர் விமானத்திலிருந்து விமானியை வெளியே வீசும் சீட்டைச் செய்துகொண்டிருந்தவர். ஆளை எப்படித் தூக்கி எறிவது என்று தெரிந்தவருக்குத்தான் எப்படிப் பிடித்து வைப்பது என்றும் தெரிந்திருக்கிறது! அந்தக் காப்புரிமையை வோல்வோ மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று திறந்துவிட்டது. இல்லையென்றால் என் வண்டியில் இருக்கிற பெல்ட்டுக்கும் சேர்த்து எங்கேயோ காசு போய்க்கொண்டிருக்கும்.

சும்மா இழுத்தால் வருகிறது, வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்கிறதே, அது எப்படி என்று பார்ட்டிகள் கேட்பார்கள். வண்டியின் பக்கத் தூணுக்குள் ஒரு உருளை இருக்கிறது, அதில்தான் பெல்ட் சுற்றியிருக்கும். ஸ்பிரிங் ஒன்று அதை எப்போதும் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். பல வண்டிகளில் உருளைக்குப் பக்கத்தில் சின்னக் குழி, பல்லாங்குழியில் இருப்பது போல. அதற்குள் ஓர் உலோகக் குண்டு. வண்டி சட்டென்று வேகம் குறைந்தால் குண்டு குழியின் விளிம்பில் ஏறும், மேலே இருக்கும் ஒரு நெம்புகோலைத் தூக்கும், அது உருளையின் பல்லில் மாட்டும். அவ்வளவுதான், ஓர் அங்குலம்கூட வராது. இது ஒரு வழி. பெல்ட்டையே யாராவது வேகமாக இழுத்தால் உருளை வேகமாகச் சுற்றும், அந்தச் சுழற்சியிலேயே உள்ளே இருக்கும் கொக்கி விரிந்து பிடிக்கும், அது இன்னொரு வழி. மேட்டிலோ கண்மாய்க் கரைச் சரிவிலோ வண்டியை நிறுத்தினால் பெல்ட் வராமல் மல்லுக்கட்டுவதும் இந்தக் குண்டு உருண்டு நிற்பதால்தான். ரிப்பேர் இல்லை. கொஞ்சம் உள்ளே விட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

புது வண்டிகளில் இதற்கு மேலேயும் உண்டு. மோதியது தெரிந்ததும் ஒரு சிறு வெடிமருந்து வெடித்து, பெல்ட்டில் இருக்கும் தொய்வை இழுத்துவிடும். அப்புறம் நெஞ்செலும்பு நொறுங்காமல் இருக்க ஓர் அளவுக்கு மேல் அழுத்தம் போனால் பெல்ட்டைக் கொஞ்சம் விட்டும் கொடுக்கும். ஏர்பேக் இந்த ஏற்பாட்டுக்குத் துணை, மாற்று இல்லை. "ஏர்பேக்தான் இருக்கே" என்று சொல்லும் அண்ணன்மாரே, பெல்ட் போடாமல் முன்னால் பாய்கிறவன் முகத்துக்கு நேரே அந்தப் பை விரியும் வேகத்தை நினைத்துப் பாருங்கள். அதுவே ஓர் அடி.

எங்கள் ஆட்களிடம் ஒரு வித்தை உண்டு. செக்போஸ்ட் தெரிந்தால் பெல்ட்டை இழுத்துத் தோளில் துண்டு போடுகிற மாதிரி போட்டுக்கொள்வது, தாண்டியதும் விட்டுவிடுவது. இன்னும் கொஞ்சம் விவரமானவர்கள் பீப் பீப் சத்தம் வராமல் இருக்க லாக்கில் சொருக வெறும் கிளிப் வாங்கி வைத்திருக்கிறார்கள். 2019 ஜூலையிலிருந்து புது வண்டிகளில் முன்சீட்டுக்கு அந்தச் சத்தம் கட்டாயம் என்று அரசாங்கம் கொண்டுவர, நம் ஆட்கள் சத்தத்துக்கு மருந்து கண்டுபிடித்தார்கள். 2023ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கிளிப்பை விற்ற ஆன்லைன் கடைகளுக்கு விற்கக்கூடாது என்று உத்தரவே போட வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கி உயிர் போக வழி பண்ணிக்கொள்வதை வேறு எந்த வியாபாரத்திலும் நான் பார்த்ததில்லை.

பின்சீட்டுக்குச் சட்டம் இல்லை என்பதும் தப்பு. முன்னால் பார்த்து உட்காரும் பின்சீட்டுக்காரர்களும் போட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138ல் இருக்கிறது. பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலையில் பிளேடு எடுத்துக்கொண்டு வண்டியின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். தையலைப் பிரித்து லாக்குகளை வெளியே எடுத்தால், கூடவே வந்தவை: இரண்டு ஒரு ரூபாய்க் காசு, மூக்குத்தித் திருகு ஒன்று, பிள்ளையார்பட்டி விபூதிப் பொட்டலம், எந்தக் கல்யாணத்துப் பலகாரமோ தெரியாத ஒரு துண்டுத் தேன்குழல். ஒரு லாக்குக்குள் விபூதியும் மண்ணும் அடைத்து, சொருகினால் பாதியிலேயே நிற்கிறது. எண்ணெய் விடப் போனேன். தெரிந்த மெக்கானிக் ஓடிவந்து தடுத்தார். எண்ணெயில் தூசி ஒட்டி இன்னும் கெட்டியாகும், காற்றடித்துச் சுத்தம் பண்ணினால் போதும் என்றார். காற்றடித்ததும் "டிக்" என்று பூட்டியது. பெல்ட்டின் அழுக்கையும் வெறும் சோப்புத் தண்ணீர் தொட்டுத்தான் துடைத்தேன். பிளீச்சிங் போட்டால் இழை பலம் இழந்துவிடும். ஓரம் பிசிறு விட்டிருந்தாலோ, ஒரு தடவை பெரிய மோதலைத் தாங்கியிருந்தாலோ அதை மாற்றத்தான் வேண்டும். தைத்துப் போட அது பை இல்லை.

இப்போது ஏறுகிறவர்களுக்கு நானே போட்டுவிடுகிறேன். வயதானவர்கள் வயிற்றுக்கு மேல் போட்டுக்கொண்டு மூச்சு முட்டுகிறது என்கிறார்கள். முட்டத்தான் செய்யும். கீழ்ப்பட்டை தொடைக்கு மேல், இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். எலும்பு தாங்கும், குடல் தாங்காது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு வயிற்றுக்கு அடியில். மேல்பட்டை காறை எலும்பின் நடுவே வந்து நெஞ்சைக் கடக்க வேண்டும். கழுத்தை அறுக்கிறது என்று கையிடுக்கில் விட்டுக்கொள்கிறார்கள் பாருங்கள், அது விலா எலும்பை உடைக்கும். முறுக்கிக்கொண்டிருந்தால் பிரித்துவிடுங்கள், ரெண்டு அங்குலப் பட்டை கயிறாகிவிடக் கூடாது. பட்டுச்சேலை கசங்கும் என்று தொளதொளவென்று விடுவதும், சீட்டைக் கட்டில் மாதிரி சாய்த்துப் படுப்பதும் ஒன்றுதான். மோதினால் பெல்ட்டுக்கு அடியில் ஆள் வழுக்கிப் போய்விடுவார்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் நம் ஊரில் வாயே திறக்க முடிவதில்லை. மடியில் வைத்திருப்பதைவிடப் பத்திரம் உண்டா என்பார்கள். பத்துக் கிலோப் பிள்ளை அந்த ஒரு நொடியில் இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும்போது எந்தத் தாயின் கையும் நிற்காது. தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே பெல்ட் போடுவது அதைவிட மோசம், தாயின் பாரமே பிள்ளையை நசுக்கும். தனிக் குழந்தை சீட்தான் வழி. கைக்குழந்தையைப் பின்னால் பார்த்தபடி வைக்கும் சீட்டை, ஏர்பேக் இருக்கும் முன்சீட்டில் வைக்கவே கூடாது. ஒரு சீட் வாங்கி வண்டியில் வைத்திருக்கிறேன். இதுவரை கேட்டு வாங்கியவர்கள் மூன்றே குடும்பம், மூன்றும் சிங்கப்பூரிலிருந்து வந்தவை. ஏன், நம் பிள்ளைகளுக்கு என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை ஒன்பது கோயில் சுற்ற ஒரு பார்ட்டி கேட்டார்கள். ஏழு பேர் வண்டி, ஆட்கள் பதினொன்று, "பிள்ளைகள்தானே, நெருக்கி உட்கார்ந்துக்கலாம் அண்ணே" என்றார்கள். ஏழு பெல்ட் இருக்கிறது, அதில் ஒன்று எனக்கு, மிச்சம் ஆறு, ரெண்டாவது வண்டியும் வரும், வாடகை இவ்வளவு என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தவர்கள் அப்புறம் கூப்பிடவில்லை. அந்த ஒன்பதில் ஒன்றான மாத்தூர்ப் பக்கம் வேறு சவாரியில் போனபோது அதே குடும்பத்தைப் பார்த்தேன். இன்னொருத்தர் வண்டியில், எல்லாரும் உள்ளே, ஒரு பையன் டிக்கி கண்ணாடி வழியாக எனக்குக் கை காட்டினான்.