ரசமட்டம் நேராத்தான் காட்டுது சார்!

குச்சியால் பந்தைத் தட்டி மூலைக் குழியில் விழவைக்கும் பூல் டேபிள் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதற்குத் துணி மாற்றி மட்டம் பார்க்க ஒருவரைக் கூப்பிட்டேன். கூலி ஒன்பதாயிரம், துணி தனி. எல்லாம் முடிந்த அன்று ராத்திரி எட்டாம் நம்பர் பந்தை மேசை நடுவில் வைத்துக் கையை எடுத்தேன். கொஞ்சம் யோசித்தது. அப்புறம், பந்திக்குக் கிளம்பும் பெரியவர் மாதிரி நிதானமாக இடது மூலையைப் பார்த்து நகர ஆரம்பித்தது. போய் விழுந்தும் விட்டது. ஸ்டிக்கே தேவைப்படவில்லை.

வீட்டில் பூல் டேபிள் வைத்திருப்பவனுக்கு யாரும் பரிதாபப்பட மாட்டீர்கள், தெரியும். ஆனால் "எல்லாம் பண்ணிடலாம் சார்" என்ற வார்த்தையை நம்பி ஏமாறாதவர் இருந்தால் கையைத் தூக்குங்கள். நானும் கேட்டேன், பூல் டேபிள் வேலை தெரியுமா என்று. "நூறு பண்ணிருக்கேன் சார்." நூறு என்னது என்று கேட்காதது என் தப்பு. துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே அவராகச் சொன்னார்: "சோபாவை விட இது ஈஸி சார்."

எட்டடி மேசை. துணிக்கு அடியில் மூன்று துண்டு ஸ்லேட் கல், ஒவ்வொன்றும் ஒரு அங்குலம் கனம். மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, சந்துகளில் தேன்மெழுகை உருக்கி ஊற்றி, ஆறியதும் சுரண்டி வழவழப்பாக்கிவிட்டுத்தான் துணியைத் தொட வேண்டும். ராத்திரி முழுக்க வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டு, இதை நானே அவருக்குப் பாடம் எடுத்தேன். மனிதர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து எடுத்தது சுவருக்குப் பூசும் புட்டி!

"மெழுகு இந்த வெயிலுக்கு உருகிடும் சார்."

தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். என் மாடி அறையில் அவ்வளவு சூடு வந்தால் மெழுகுக்கு முன்னால் நான் உருகியிருப்பேன். சொன்னேன். "டென்ஷன் ஆகாதீங்க சார்" என்றார். இப்போது சந்தின் மேல் விரலை வைத்துத் தேய்த்தால், துணிக்கு அடியில் ரவை சிந்தின மாதிரி நெறுநெறுவென்கிறது. பந்து அந்த இடத்தில் 'டக்' என்று ஒரு குதி குதித்துவிட்டுத்தான் தாண்டுகிறது. துணியை மறுபடி உரிக்காமல் அதைச் சுத்தம் செய்யவும் வழியில்லை.

மட்டம் பார்த்த கதைக்கு வருகிறேன். கொத்தனார் வைத்திருப்பாரே, அதே ரசமட்டம். அதையாவது கல்லின் மேல் வைத்தாரா? பக்கத்து மரச்சட்டத்தின் மேல் வைத்தார். "பாருங்க, நேராத்தான் காட்டுது." சட்டம் நேராக இருக்கிறது ஐயா, நான் சட்டத்தின் மேலா விளையாடப் போகிறேன்? காலில் திருகி ஏற்றி இறக்க ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் தொடவே இல்லை. அலமாரியில் கிடந்த என் சித்தப்பா பையன் கல்யாணப் பத்திரிகையை நாலாக மடித்துக் காலுக்கு அடியில் செருகினார். "கெட்டி அட்டை சார், அமுங்காது."

அமுங்கவில்லைதான். ஆனால் சாயங்காலம் அம்மா பார்த்துவிட்டார். மடிப்புக்கு வெளியே பிள்ளையார் தலை மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "சாமி படத்து மேலேயாடா காலை வைப்ப?" என்று ஒரே சத்தம். கிட்டத்தட்ட 400 கிலோ மேசையை நானும் வாட்ச்மேனும் எதிர்வீட்டுப் பையனும் கடப்பாரை போட்டு நெம்பிப் பிள்ளையாரைக் காப்பாற்றினோம். என் இடுப்பைக் காப்பாற்ற ஆள் இல்லை. துணி போட்டவருக்குப் போன் போட்டால் ஒரு வாரமாக "வந்துட்டே இருக்கேன் சார்". எங்கிருந்து வருகிறார், காசியிலிருந்து நடந்தா?

இதில் ஒரு கொடுமை. இதே மாதிரி துணி போட்ட மேசையில் ஆடும் ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு 1882இல் விதிகளை எழுதி மாட்டியதே நம்ம ஊட்டி கிளப்பில்தான். 140 வருஷம் தாண்டியும், ரசமட்டத்தைக் கல்லின் மேல் வைக்கத் தெரிந்த ஒரு ஆள் மலையிறங்கி வந்து சேரவில்லை.

பையனுக்கு மட்டும் ஏக சந்தோஷம். பந்துகளை வரிசையாக வைத்து, எது முதலில் போய் விழும் என்று தங்கச்சியோடு பந்தயம் கட்டுகிறான். நேற்று நானும் பத்து ரூபாய் கட்டித் தோற்றேன். சிரிப்புதான் வந்தது.

அந்தப் பத்திரிகையைத் தூசி தட்டி எடுத்து வைக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கல்யாணத்துக்கு இரண்டாயிரம் மொய் எழுதினேன். பாயசம் என் வரிசைக்கு வருவதற்குள் இலையை எடுத்துவிட்டார்கள்.